முதலில் குண்டு போடாமல் சுடுங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

பத்து மீட்டர் ஏர் பிஸ்டலில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது, கிளப்புக்குப் போகும் நாளெல்லாம் நூறு பெல்லட் சுடுகிறேன், 600-க்கு 500-ஐத் தாண்டவே மாட்டேனென்கிறது, ஒரு நல்ல பயிற்சி அட்டவணை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தீர்கள். இதே கேள்வியை இன்னும் சிலரும் கேட்டிருப்பதால் எல்லோருக்குமாகச் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

அட்டவணைக்குப் போவதற்கு முன், அந்த நூறை முப்பதாகக் குறைத்துவிடுங்கள். ஏறக்குறைய ஒரு கிலோ எடையை ஒற்றைக் கையில், முழங்கை மடங்காமல், எந்தத் தாங்கலும் இல்லாமல் தூக்கிப் பிடிக்கும் விளையாட்டு இது. புதியவரின் தோள் நாற்பதாவது தடவைக்கு மேல் ஒத்துழைக்காது. அதற்குப் பிறகு சுடுவதெல்லாம் களைத்த கையோடு, எப்படியாவது முடித்தால் போதும் என்று சுடுவது. உடம்புக்கு நல்லது கெட்டது தெரியாது, திரும்பத் திரும்பச் செய்வதைப் பழகிக்கொள்ளும். களைப்பில் பழகியதுதான் போட்டியன்று முதலில் வெளியே வரும்.

மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்பீர்கள். பெல்லட் போடாமல் சுடுங்கள். ரேஞ்சில் இதை டிரை பிராக்டிஸ் என்பார்கள். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள், நீங்களும் இரண்டு நாள் செய்து அலுத்து விட்டிருப்பீர்கள். அட்டையில் ஓட்டை விழாத பயிற்சி யாருக்கும் ருசிப்பதில்லை. ஆனால் முதல் ஆறு மாதத்தில் நீங்கள் கற்க வேண்டியதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே சொல்கிறேன்.

பத்து வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் விட்டம் 4.5 மில்லிமீட்டர். பெல்லட் கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், அதன் மையம் நடுப்புள்ளியிலிருந்து எந்தப் பக்கமும் 8 மில்லிமீட்டர் வரை தள்ளி விழலாம். இப்போது துப்பாக்கிக்கு வாருங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே சுமார் 33 சென்டிமீட்டர். அட்டை 10 மீட்டரில், அதாவது அதைப்போல முப்பது மடங்கு தூரத்தில் இருக்கிறது. பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கி நின்றால் அட்டையில் மூன்று சென்டிமீட்டர் ஒதுங்கும். பத்து விழவேண்டிய இடத்தில் ஏழு. அதே நேரம், இரண்டு சைட்டும் ஒழுங்காக ஒரே நேரில் இருக்க, கை மட்டும் மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் பக்கத்தில் நகர்ந்தால், அட்டையிலும் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். பத்து பத்தாகவே இருக்கும்.

உங்கள் கடிதத்தில் மூன்று இடத்தில் “கை ஆடுகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆடட்டும். உலகத்தில் எந்தச் சுடுநரின் கையும் சிலையாக நின்றதில்லை. தேர்ந்தவர்களுக்கு அந்த ஆட்டத்தின் வட்டம் சிறியது, உங்களுக்குப் பெரியது, பழகப் பழகச் சுருங்கும். அதற்கு வருடக்கணக்கு ஆகும், அவசரமில்லை. இப்போது உங்கள் பாயிண்டைத் தின்பது அந்த ஆட்டம் அல்ல. ஆடிக்கொண்டிருக்கும் கை ஒரு கணம் சரியான இடத்துக்கு வந்ததும், பால் பொங்குகிறதென்று அடுப்பை நோக்கிப் பாய்வதைப்போல விரல் டிரிகரின் மேல் பாய்கிறதே, அதுதான். அந்தப் பாய்ச்சலில் மணிக்கட்டு திரும்பும், முன் சைட் பள்ளத்தைவிட்டு ஒதுங்கும், முப்பது மடங்காகப் பெருகும். பெல்லட் போட்டுச் சுடும்போது இது கண்ணில் படாது, சத்தமும் மின்னணு இலக்கின் மானிட்டரில் வரும் எண்ணும் மறைத்துவிடும். குண்டில்லாமல் டிரிகரை அழுத்தும்போதுதான் முன் சைட் துள்ளுவதைக் கண்ணால் பார்க்கலாம். பார்த்தால்தான் திருத்தலாம்.

ஆகவே வீட்டில், வாரத்துக்கு நான்கு நாள், இருபது நிமிடம். அதற்குமேல் வேண்டாம். வெள்ளைச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். குறி எதுவும் ஒட்டாதீர்கள். கையைத் தூக்குங்கள், முன் சைட்டை மட்டும் கூர்மையாகப் பாருங்கள், அதன் இருபுறமும் தெரியும் வெளிச்சக் கோடுகள் சமமாக இருக்கட்டும். டிரிகரின் முதல் கட்டத்தை எடுத்துவிட்டு, இரண்டாம் கட்டத்தில் அழுத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போங்கள். எப்போது விடுபடும் என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். விடுபட்ட பிறகும் இரண்டு விநாடி அப்படியே நின்று, முன் சைட் எங்கே போனது என்று பாருங்கள். அசையவில்லையென்றால் அது நல்ல சூடு. பதினைந்து தடவை இப்படி. பிறகு சுவரில் ஒரு கறுப்பு வட்டம் ஒட்டிக்கொள்ளலாம். அட்டையில் கறுப்பின் விட்டம் 59.5 மில்லிமீட்டர், எனவே மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 18 மில்லிமீட்டர் வட்டம் போதும். கண்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒட்டுங்கள். கறுப்பின் நடுவில் குறிபார்க்காமல் அதன் அடியில், கொஞ்சம் வெள்ளை தெரியும்படி பிடியுங்கள். கறுப்பு சைட்டைக் கறுப்பின்மேல் வைத்தால் விளிம்பு தெரியாது. கீழே பிடித்தால் நடுவில் விழும்படி பின் சைட்டைத் திருகி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். கறுப்பு மங்கலாகத் தெரியவேண்டும், சைட் தெளிவாகத் தெரியவேண்டும். கண்ணுக்கு ஒரே நேரத்தில் இரண்டு தூரம் கூர்மையாகத் தெரியாது. புதியவர் கறுப்பைத் தேர்ந்தெடுப்பார். கணக்கு என்ன சொல்கிறதென்று மேலே பார்த்தோம்.

கடைசி ஐந்து நிமிடம் டிரிகரைத் தொடாமல் சும்மா பிடித்து நில்லுங்கள், ஒரு தடவைக்குப் பதினைந்து விநாடி. நடுவே தோளுக்கு ஓய்வு கொடுங்கள். சீக்கிரம் பலம் வரட்டும் என்று மூன்று கிலோ டம்பெல்லைத் தூக்கிப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தோள்பட்டை தசைநார் போய், பிஸியோதெரபிஸ்ட்டிடம் மாதக்கணக்கில் போய்வருவார்கள். பிஸ்டல் எடைக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும்.

வீட்டுப் பயிற்சிக்கு நிபந்தனைகள் உண்டு. எடுத்தவுடன் குழலில் பெல்லட் இல்லையென்று திறந்து பாருங்கள், பெல்லட் டப்பா வேறு அறையில் இருக்கட்டும். சுவருக்கும் உங்களுக்கும் நடுவே யாரும் நடக்கக் கூடாது. டிரை பிராக்டிஸுக்கென்று தனி ஏற்பாடு இருக்கும் துப்பாக்கிகளை அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஜன்னலைச் சாத்திவிடுங்கள். 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டலுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை என்பது உங்களுக்குத் தெரியும், எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியாது.

கிளப் நாளுக்கு வருவோம். போனதும் பெல்லட்டைத் தொடாதீர்கள். முதலில் நிலை. நின்று, கண்ணை மூடி, கையைத் தூக்கி, மூச்சை விட்டுக் கண்ணைத் திறந்து பாருங்கள். துப்பாக்கி உங்கள் அட்டைக்கு இடப்பக்கம் போயிருந்தால் கையால் இழுத்து வராதீர்கள். பின்காலைக் கொஞ்சம் நகர்த்தி, மறுபடி கண்ணை மூடித் தூக்கிப் பாருங்கள். தானாகவே அட்டைக்கு நேராக வந்து நிற்கும்வரை இதைச் செய்யவேண்டும். இடக்கையைப் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ செருகிக்கொள்ளுங்கள், அது ஆடினால் உடம்பும் ஆடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகேச் பாக்கெட்டில் கைவிட்டு நின்ற படம் உலகம் முழுக்கச் சுற்றியது, என்ன அலட்சியம் என்று வியந்தார்கள். பிஸ்டல்காரர்கள் ஏறக்குறைய எல்லோரும் அப்படித்தான் நிற்கிறார்கள். அவர் அன்று 51 வயதில், ஐந்தாவது ஒலிம்பிக்கில் நின்றார் என்பதும், கலப்பு அணியில் வெள்ளி வாங்கினார் என்பதும்தான் வியக்க வேண்டியது. நாற்பதைத் தாண்டி ஆரம்பிக்கிறேனே என்று நீங்கள் தயங்கியதற்கும் அதுவே பதில்.

பிறகு முதல் பத்து பெல்லட்டை, அட்டையைத் திருப்பி மாட்டி, வெறும் வெள்ளையில் சுடுங்கள். குறி இல்லை, பாயிண்ட் இல்லை, ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நெருங்கி விழுகின்றனவா என்பது மட்டுமே கேள்வி. மின்னணு இலக்கு உள்ள இடமென்றால் காகித இலக்குள்ள பாதை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த இருபது பெல்லட்டை அட்டையில். இங்கே ஒரு கண்டிப்பு வேண்டும். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் மானிட்டரைப் பார்க்கும் முன், எங்கே விழுந்திருக்கும் என்று உங்கள் நோட்டில் புள்ளி வையுங்கள். டிரிகர் விடுபட்ட கணத்தில் முன் சைட் எங்கே இருந்தது என்பதைக் கண்டவருக்கு இது கஷ்டமில்லை. காணாதவர் ஊகிப்பார். வைத்த புள்ளியும் விழுந்த ஓட்டையும் நெருங்க ஆரம்பிக்கும் வாரத்தில்தான் நீங்கள் சுடக் கற்றுக்கொள்ளத் தொடங்குகிறீர்கள், பாயிண்ட் 480-ஆக இருந்தாலும் சரி. இடையில் கூட்டாளி ஒருவரிடம் துப்பாக்கியைக் கொடுத்து, சில தடவை பெல்லட் போட்டும் சில தடவை போடாமலும் தரச் சொல்லுங்கள். போடாத தடவையில் குழல் மூக்கு கீழே குத்தினால் நோய் தெரிந்துவிடும்.

இனி எல்லாவற்றிலும் கஷ்டமான பயிற்சி, சுடாமல் கையை இறக்குவது. துப்பாக்கி குறிக்கு வந்து நிலைத்த பிறகு ஐந்திலிருந்து எட்டு விநாடிக்குள் சூடு போய்விட வேண்டும். அதற்குமேல் போனால் மூச்சு முட்டும், கண் மங்கும், ஆட்டம் கூடும். ஆனாலும் தூக்கிவிட்டோமே என்று சுட்டுவிடுகிறோம். 60 சூட்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், அதாவது ஒரு சூட்டுக்கு 75 விநாடி, அதற்கு முன்னால் சரிபார்த்துக்கொள்ளப் பதினைந்து நிமிடம் தனி. இரண்டு தடவை இறக்கிவிட்டு மூன்றாம் தடவை சுட்டாலும் நேரம் மிஞ்சும். ஆகையால் பயிற்சியில், சூடு நன்றாக அமையும்போலத் தோன்றினாலும், ஐந்தில் ஒன்றை வேண்டுமென்றே இறக்குங்கள். இறக்கிப் பழகாத கை போட்டியில் இறங்காது.

இரண்டு மூன்று மாதம் இப்படிப் போன பிறகு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை முழுப் போட்டி, கடிகாரம் வைத்து. பாயிண்ட் எழுதுவது அன்று மட்டும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுக்கட்டும், ஒரு தடவை துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துத் தொடருங்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே இந்தியாவின் மனு பாக்கரின் பிஸ்டல் பழுதாகி அவருக்கு நிமிடக்கணக்கில் போயிற்று. அதே மனு பாரிஸில் 580 எடுத்து இறுதிக்குப் போய் வெண்கலம் வாங்கினார். 580 என்றால் 600-க்கு இருபது குறைவு, அதையும் நினைவில் வையுங்கள். இறுதியில் 22-ஆவது சூடு முடிந்தபோது அவர் 221.7, தென்கொரியாவின் கிம் யேஜி 221.8. அந்த 0.1 என்பது அட்டையில் 0.8 மில்லிமீட்டர்.

சில்லறை விஷயங்கள் சில. கணுக்காலை மூடாத, தட்டையான அடியுள்ள ஷூ போதும். ஒரு கண்ணை இறுக்கி மூடாதீர்கள், திறந்த கண்ணும் சேர்ந்து களைத்துவிடும், மறைப்புத் தகடு மாட்டிக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுபவர் என்றால், கண் மருத்துவரிடம் முன் சைட் இருக்கும் தூரத்தைச் சொல்லி அதற்கேற்ற லென்ஸ் கேளுங்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களென்றால் அது பீட்டா பிளாக்கர் வகையா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். நடுக்கத்தைக் குறைப்பதால் இந்த விளையாட்டில் அது தடைசெய்யப்பட்ட மருந்து. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் பேசுங்கள். பெல்லட் ஈயம், கை கழுவாமல் டீக்கடைக்குப் போகாதீர்கள். புது வெளிநாட்டுத் துப்பாக்கி லட்சத்தைத் தாண்டும். இந்த வருடம் வாங்க வேண்டாம், கிளப் துப்பாக்கியின் கைப்பிடி உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

உங்கள் பயிற்சியாளர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள். அவர் நீங்கள் சுடுவதைப் பார்க்கிறார், நான் உங்கள் கடிதத்தை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். எவ்வளவு பாயிண்ட் எடுத்தீர்கள் என்று எழுத வேண்டாம், எத்தனை தடவை சுடாமல் கையை இறக்கினீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்