பழைய தேன்பெட்டி தேறுமா?

தேனீ வளர்ப்பைக் கைவிட்ட ஒருவரிடம் ஐந்து நியூட்டன் பெட்டிகளும் தேன் எடுக்கும் இயந்திரமும் மலிவாக வாங்கினேன். பழைய அடைகள் உள்ளேயே இருக்கின்றன. கழுவிவிட்டுப் பயன்படுத்தலாமா?
– வாசகர், குலசேகரம்

பெட்டி தேறும், அடை தேறாது. கறுத்த அடையில் மெழுகுப்பூச்சியின் புழு குடியிருக்கும். பழைய கூட்டத்தின் நோயும் ஒட்டியிருக்கலாம். 1990-களின் தொடக்கத்தில் தாய் சேக்புரூட் வைரஸ் உங்கள் மாவட்டத்துப் பெட்டிகளைக் காலி செய்த கதையை ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். அடைகளை இரக்கமில்லாமல் எரித்துவிடுங்கள்.

பெட்டியின் உட்புறத்தை நன்றாகச் சுரண்டி, மரம் லேசாகப் பழுப்பேறும்வரை ஊதுவிளக்கால் வாட்டுங்கள். மூலை இடுக்குகளை விடாதீர்கள், புழு பதுங்குவது அங்கேதான். சட்டங்களைச் சலவைச்சோடா கலந்த கொதிநீரில் போட்டெடுத்து, அலசி, வெயிலில் காயவையுங்கள். கோணியவற்றைக் கழித்துவிடுங்கள். பெயின்ட் வெளிப்புறம் மட்டும். உள்ளே அடித்து அழகு பார்க்க வேண்டாம், தேனீக்கள் ரசிக்காது.

இயந்திரத்தின் தகர டிரம் துருப்பிடித்திருந்தால் அதைக் காப்பாற்ற முயலாதீர்கள். தேன் அமிலத்தன்மை உள்ளது, துருவைக் கரைத்துக்கொண்டு வரும். பல்சக்கரமும் கைப்பிடியும் நன்றாக இருந்தால் கழற்றி, எவர்சில்வர் டிரம்மில் பொருத்தச் சொல்லுங்கள்.

ரப்பர் துளிர்ப்பதற்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். உங்கள் பக்கம் தேன்வரத்து அப்போதுதான்.