ஆலைக் கூரையும் மின்கட்டண ரசீதும்: சூரிய மின்சாரம் பற்றி மூன்று பாடவேளைகள்

ஈரோடு, கோவை, திண்டுக்கல் போன்ற வேளாண் சந்தை நகரங்களில் அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, விசைத்தறிக் கூடம், மஞ்சள் கிடங்கு எனப் பல கூரைகளில் இன்று சூரிய மின்தகடுகளைக் காண்கிறோம். ‘இனி கரண்ட் பில்லே வராது’ என்னும் விளம்பரங்களும் கூடவே வருகின்றன. இந்த ஆலைகளை நடத்துவோரின் பிள்ளைகளும் அங்கே வேலை செய்வோரின் பிள்ளைகளும் நம் வகுப்பறைகளில்தான் படிக்கிறார்கள். பல லட்ச ரூபாய் கடன் வாங்கித் தகடு பொருத்தலாமா என்ற பேச்சு வீட்டில் எழும்போது, ரசீதைப் படித்துக் கணக்குப் போடத் தெரிந்த ஒரு பிள்ளை அந்த வீட்டுக்குப் பெரிய துணை.

எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான அறிவியல், கணித ஆசிரியர்கள் மூன்று பாடவேளைகளில் நடத்தத்தக்க பாடம் இது. தொடக்க வகுப்புக்கு உரிய செயல்பாடு ஒன்றும் இறுதியில் தரப்பட்டுள்ளது. பாடத்தின் மையக் கருத்து: ஒரு தொழிலுக்குச் சூரிய மின்சாரம் இலாபமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, அந்தத் தொழில் நடக்கும் நேரமும் வெயில் நேரமும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதே.

ஆசிரியருக்கான பின்னணி

கொங்கு வட்டாரத்தின் தொழில் வளர்ச்சியை மின்சாரத்தின் வரலாறாகவும் சொல்லலாம். நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோவைக்கு வந்ததும் நூற்பாலைகள் பெருகின. கிணற்று மோட்டார் தயாரிப்பும் வளர்ந்தது. 1990களில் பல நூற்பாலைகள் முப்பந்தல், பல்லடம், உடுமலைப் பகுதிகளில் சொந்தமாகக் காற்றாலைகளை நிறுவின. இப்போது சூரிய ஒளியின் முறை.

இந்த மூன்றுக்கும் பருவம் வேறு வேறு. அணை நீர் மழையைப் பொறுத்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று தென்மேற்குப் பருவக்காலத்தில், குறிப்பாக ஜூன் முதல் செப்டம்பர் வரை, வலுவாக வீசும். சூரிய மின்சாரம் வானம் தெளிந்திருக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நன்கு கிடைக்கும். வடகிழக்குப் பருவமழையின்போது குறையும். ஒன்று குறையும்போது மற்றொன்று கைகொடுக்கும் என்பதை மாணவர்கள் ஒரு மாதச் சக்கரம் வரைந்து கண்டறியலாம்.

முதல் பாடவேளை: ஒளி வேறு, வெப்பம் வேறு

‘சூரிய மின்தகடு எப்போது அதிக மின்சாரம் தரும்?’ என்று கேட்டுத் தொடங்குங்கள். ‘அக்னி நட்சத்திர வெயிலில்’ என்ற விடை பெரும்பாலும் வரும். இங்கிருந்தே பாடம் தொடங்கட்டும்.

தகட்டில் மின்சாரத்தை உண்டாக்குவது ஒளி. சிலிக்கான் மின்கலத்தின் மீது ஒளி விழும்போது எலக்ட்ரான்கள் விடுபட்டு ஒரு திசையில் நகர்கின்றன. வெப்பம் இதற்கு உதவுவதில்லை. மாறாக, மின்னழுத்தத்தைக் குறைக்கிறது. தகட்டின் திறன் 25 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அளவிடப்படுகிறது. அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைவதாக வகுப்பில் கொள்ளலாம்.

கணக்கு: கோடை நண்பகலில் தகட்டின் வெப்பநிலை 60 டிகிரி எனில் இழப்பு எவ்வளவு? (60 – 25) × 0.4 = 14 விழுக்காடு. அதாவது, 100 வாட் தர வேண்டிய தகடு அப்போது 86 வாட்தான் தரும். தகட்டுக்கும் கூரைக்கும் இடையே காற்று புக இடைவெளி விடுவது ஏன் என்பதை இனி மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

நம் மாநிலத்துக்குப் பொதுவாகப் பயன்படும் மூன்று அளவுகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். 1 கிலோவாட் தகடு பொருத்த நிழல் விழாத இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். ஆண்டுக்கு அது 1,460 யூனிட்.

இரண்டாம் பாடவேளை: இரண்டு வளைகோடுகள்

வரைபடத் தாளில் காலை 6 மணி முதல் இரவு 12 மணி வரை கிடைமட்ட அச்சில் குறிக்கச் செய்யுங்கள். முதலில் சூரிய மின்சார வளைகோட்டை வரையட்டும்: காலையில் மெல்ல ஏறி, நண்பகலில் உச்சம் தொட்டு, மாலையில் இறங்கும் குன்று போன்ற வடிவம். அதே தாளில் வேறு நிறத்தில் ஒரு தொழிலின் மின் பயன்பாட்டை வரையட்டும். ஒரு குழு எண்ணெய் ஆலையையும், ஒரு குழு திரையரங்கையும், ஒரு குழு குளிர்பதனக் கிடங்கையும் எடுத்துக்கொள்ளலாம்.

இரு கோடுகளுக்கும் கீழே பொதுவாக அமையும் பரப்பே அந்தத் தொழில் நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ளும் சூரிய மின்சாரம். பயன்பாட்டுக் கோட்டுக்கு மேலே எஞ்சும் பரப்பு மின்வாரியக் கம்பிக்குப் போகும். ஆலைக்குப் பொதுப்பரப்பு பெரிது, திரையரங்குக்குச் சிறிது. குளிர்பதனக் கிடங்கு இரவும் பகலும் இயங்கும்; ஆனால் பகலில் சற்றுக் கூடுதலாகக் குளிரூட்டி வைத்து இரவுத் தேவையைக் குறைக்கலாம். வேலை நேரத்தை வெயிலுக்கு ஏற்பத் திருத்துவதும் ஒரு சேமிப்பே என்பதை மாணவர்கள் இங்கே காண்பார்கள்.

மூன்றாம் பாடவேளை: ரசீதும் கணக்கும்

கீழ்வரும் எண்கள் வகுப்பறைக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் ரசீதில் உள்ள எண்களை இவற்றின் இடத்தில் இட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணெய் ஆலை ஒன்றின் கூரையில் நிழலில்லாத இடம் 4,000 சதுர அடி. எனவே 40 கிலோவாட் பொருத்தலாம். ஆண்டு உற்பத்தி 40 × 1,460 = 58,400 யூனிட். செலவு 20 லட்சம் ரூபாய் என்க. மின்வாரியத்திடம் வாங்கும் யூனிட் 8 ரூபாய். உபரியாக மின்வாரியத்துக்குக் கொடுக்கும் யூனிட்டுக்குக் கிடைப்பது 3 ரூபாய் என்க.

ஆலை வாரத்தில் ஆறு நாள், காலை 7 முதல் மாலை 6 வரை ஓடுகிறது. ஞாயிறு விடுமுறை. ஆறு நாள் உற்பத்தியை, அதாவது சுமார் 50,000 யூனிட்டை, ஆலையே பயன்படுத்துகிறது. மீதி 8,400 யூனிட் வெளியே போகிறது. ஆண்டுச் சேமிப்பு: 50,000 × 8 = 4,00,000; 8,400 × 3 = 25,200; மொத்தம் 4,25,200 ரூபாய். போட்ட முதல் திரும்ப ஏறத்தாழ 4.7 ஆண்டு.

இனி, அதே கூரை, அதே வெயில், அதே செலவு. ஆனால் தொழில் மாலையிலும் இரவிலும் நடப்பது. உற்பத்தியில் கால்பங்கு மட்டுமே, அதாவது 14,600 யூனிட்டே, நேரடியாகப் பயன்படுகிறது. 14,600 × 8 = 1,16,800; 43,800 × 3 = 1,31,400; மொத்தம் 2,48,200 ரூபாய். முதல் திரும்ப 8 ஆண்டுக்கு மேல் ஆகும். கடன் வட்டியையும் சேர்த்தால் இந்த இடைவெளி இன்னும் விரியும். தகட்டில் எந்த வேறுபாடும் இல்லை. வேறுபட்டது கடிகாரம் மட்டுமே.

இப்போது ‘கரண்ட் பில்லே வராது’ என்ற விளம்பரத்துக்கு வருவோம். அந்த ஆலை வேலை நாளில் 400 யூனிட் செலவிடுகிறது என்க. 40 கிலோவாட் தருவது 160 யூனிட். அதாவது தேவையில் 40 விழுக்காடு. மீதி மின்வாரியத்திடமிருந்தே வர வேண்டும். ரசீதில் யூனிட் கட்டணத்தோடு நிலைக்கட்டணமும் உண்டு. மின் இணைப்பின் அளவைப் பொறுத்த அந்தக் கட்டணம், யூனிட் குறைவதால் மட்டும் குறையாது. உயரழுத்த இணைப்பு பெற்ற ஆலைகளுக்கு உச்ச நேரக் கூடுதல் கட்டணமும் உண்டு. மாலை உச்ச நேரத்தில் தகடு உறங்கிவிடும்.

இவற்றோடு, கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்துக்கு நெட்வொர்க் கட்டணம் என ஒன்று தமிழ்நாட்டில் பெரும் விவாதத்துக்கு உள்ளானது. 2023இல் சிறு, குறு, நடுத்தரத் தொழில் அமைப்புகள் நடத்திய போராட்டங்களில் நிலைக்கட்டணம், உச்ச நேரக் கட்டணம் ஆகியவற்றோடு இதுவும் முக்கியக் கோரிக்கையாக இருந்தது. மின்வாரியக் கம்பியைப் பராமரிக்கும் செலவை யார் ஏற்பது? சொந்தக் கூரையில் விளைந்த மின்சாரத்துக்கும் கட்டணம் வாங்குவது முறையா? இரு தரப்புக்கும் வாதம் உண்டு. வகுப்பை இரண்டாகப் பிரித்து விவாதிக்க இது ஏற்ற தலைப்பு.

திருத்த வேண்டிய இரு கருத்துகள்

‘தகடு இருந்தால் மின்வெட்டிலும் கரண்ட் இருக்கும்’ என்பது முதலாவது. மின்கலத் தொகுப்பு இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைந்த அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறும் ஊழியர் மீது கூரையிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு இது. இதைச் சொல்லும்போது மின் பாதுகாப்புப் பாடமும் சேர்ந்து நடந்துவிடுகிறது.

‘அரசு மானியம் எல்லாருக்கும் உண்டு’ என்பது இரண்டாவது. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய கூரைச் சூரிய மின்திட்டத்தில் 78,000 ரூபாய் வரை கிடைக்கும் மானியம் வீடுகளுக்கானது. ஆலையும் கடையும் அதில் வராது.

சென்னைப் பள்ளிகளில் நடத்தும்போது

ஆலைகளைக் காணாத நகரப் பிள்ளைகளுக்கு இப்பாடத்தை எப்படிக் கொண்டுசெல்வது? அவர்கள் அன்றாடம் பார்க்கும் அடுக்குமாடிகளை எடுத்துக்கொள்ளலாம். ராஜா அண்ணாமலைபுரத்தில் பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தளம் ஒன்று 5,000 சதுர அடி. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, நிழல் போக மிஞ்சுவது 2,500 சதுர அடி. பொருந்துவது 25 கிலோவாட். கிடைப்பது நாளுக்கு 100 யூனிட். குளிர்சாதனம் ஓடும் பத்துத் தளங்களுக்கும் 2,000 யூனிட் தேவை எனில், கூரை தருவது 5 விழுக்காடுதான். நேரம் நன்கு பொருந்தியும் இடம் போதவில்லை. ஒற்றைத் தளமாக அகன்று கிடக்கும் ஆலைக் கூரையின் அருமை இந்த ஒப்பீட்டில் விளங்கும். 2016இல் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் பரந்த நிலத்தில் அமைந்ததன் காரணத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லலாம்.

கடலும் அடையாற்று முகத்துவாரமும் அருகே இருப்பதால் உப்புக் காற்றில் தாங்கிச் சட்டங்கள் துருப்பிடிக்கும் என்பதும் இப்பகுதிக்குரிய செய்தி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அத்தகைய காற்றில் தகடு பறக்காமலிருக்கச் சட்டத்தை எப்படிப் பிணைக்க வேண்டும் என்பது அழுத்தம், விசை பற்றிய பாடத்துக்கு நல்ல கேள்வி.

தொடக்க வகுப்புக்கு

நான்கு, ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் பள்ளி மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு மணிக்கொருமுறை நிழலை அளக்கட்டும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 ஆகிய நாள்களை ஒட்டி நண்பகலில் குச்சியின் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஈரோட்டில் ஏப்ரலில் அதற்குச் சில நாள் முன்னதாகவே இது நிகழும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் நிழல் வடக்கே விழுவதைக் கண்டால், தகடுகளைத் தெற்கு நோக்கிச் சாய்த்து வைப்பதன் காரணம் புரியும்.

மதிப்பீடு

1. உங்கள் பள்ளி காலை 9 முதல் மாலை 4 வரை இயங்குகிறது. மே மாதம் விடுமுறை. பள்ளிக் கூரையில் தகடு பொருத்தினால் எந்த மாதங்களில் உபரி மிகும்? ஏன்?
2. வீட்டு மின்கட்டண அட்டையையும் ஒரு கடையின் ரசீதையும் ஒப்பிட்டு மூன்று வேறுபாடுகளை எழுதுக.
3. உங்கள் தெருவில் உள்ள ஒரு தொழிலைத் தேர்ந்து அதன் இரு வளைகோடுகளையும் வரைக. தகடு பொருத்துமாறு பரிந்துரைப்பீர்களா? எத்தனை கிலோவாட்?

மூன்றாம் வினாவுக்கு ‘பொருத்த வேண்டாம்’ என்று ஒரு மாணவர் கணக்கோடு எழுதினால் அதற்கும் முழு மதிப்பெண் கொடுங்கள். தமிழ்நாட்டின் வெயில் எல்லாருக்கும் பொது. அது யாருடைய கடையில் காசாகும், யாருடைய தோளில் கடனாகும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்லும் திறனே இப்பாடத்தின் கற்றல் விளைவு.