இந்த ஊருக்கு வேலை இருக்கிறது

மாட்டுங்கா, மும்பை

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. நீ அனுப்பிய பட்டியல் வந்தது. மூன்று நாளில் பத்தொன்பது இடம் பார்க்கப் போகிறீர்களாம், நீயும் உன் தோழிகள் இரண்டு பேரும். காலையில் கன்னேரி குகை, பதினொரு மணிக்குக் கொலாபா, சாப்பாட்டுக்குப் பிறகு ஜுஹூ. கன்னேரி ஊரின் வடகோடி, கொலாபா தென்கோடி. நடுவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் கிடக்கிறது. மாமா படித்துப் பார்த்துவிட்டு, "ஹெலிகாப்டருக்கு யார் காசு கொடுக்கிறார்களாம்?" என்று கேட்டார்.

பட்டியலைக் கிழித்துப் போடு என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வா. குற்றாலம் மாதிரி வருகிறவர்களை எதிர்பார்த்துக் கடை விரித்திருக்கிற ஊர் இல்லை இது. வேலைக்குப் போகிற ஊர். அது போகிற நேரத்தில் குறுக்கே நின்று வேடிக்கை பார்த்தால் இடித்துத் தள்ளிவிட்டுப் போகும். உன்னைக் கோபித்துக்கொள்ளக்கூட அதற்கு நேரம் கிடையாது. எந்த நேரத்தில் எங்கே இருக்கலாம், எங்கே இருக்கக் கூடாது என்று கணக்குப் பண்ணிக்கொண்டால் ஐந்தாறு இடமே போதும், மனசு நிறைந்து திரும்புவாய்.

இந்தக் கணக்குக்குக் காரணம் மண்ணிலேயே இருக்கிறது. முதலில் இது ஏழு தீவு. போர்ச்சுக்கல் இளவரசியைக் கட்டிக்கொண்ட இங்கிலாந்து ராஜாவுக்கு 1661 கல்யாண ஒப்பந்தத்தில் சீதனமாக வந்தது. அவர் 1668ல் வருஷத்துக்குப் பத்து பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுவிட்டார். அப்புறம் இடையில் இருந்த கடலைத் தூர்த்துத் தூர்த்து ஒரே நிலமாக்கினார்கள். அதனால் ஊர் வடக்கு தெற்காக நீண்டு, அகலமே இல்லாமல் நிற்கிறது. ஆபீஸ் எல்லாம் பெரும்பாலும் தெற்கே, வீடெல்லாம் வடக்கே. (இப்போது பாந்த்ரா பக்கமும் ஆபீஸ்கள் முளைத்துவிட்டன, அது வேறு கதை.) ஆக, காலை எட்டிலிருந்து பதினொன்று வரை தெற்கே போகிற லோக்கலில் நிற்க இடம் இருக்காது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை வடக்கே போகிற வண்டிகளில் அதே கதை. நீ எதிர்த் திசையில் போ. காலையில் மாட்டுங்காவிலிருந்து போரிவலிப் பக்கம் போனால் ஜன்னலோரம்கூடக் கிடைக்கும். கன்னேரியை அப்படி ஒரு காலைக்கு வைத்துக்கொள். குகைகள் இருக்கிற தேசியப் பூங்காவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

லோக்கலில் ஏறாமல் ஊர் திரும்பாதே. சுற்றுலா டிக்கெட் என்றே ஒன்று உண்டு. 1, 3, 5 நாளுக்குக் கிடைக்கும். மேற்கு, மத்திய, ஹார்பர் மூன்று தடத்திலும் செல்லும். பெண்கள் பெட்டி தனியாக இருக்கிறது, பெண்ணின் படம் வரைந்திருக்கும். அங்கே ஏறு. பலகையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் எஸ் என்றால் ஸ்லோ, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும். எஃப் என்றால் ஃபாஸ்ட், பலவற்றைத் தாண்டிப் போய்விடும். விரார் ஃபாஸ்ட் வந்தால் ஏறவே ஏறாதே. விராருக்குப் போகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் நிற்கப் போகிறவர்கள். வழியில் இறங்குகிறவள் அவர்கள் இடத்தைப் பிடித்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்கள். இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னாலேயே வாசல் பக்கம் நகர்ந்து, முன்னால் நிற்கிறவளிடம் "தாதர்?" என்று மட்டும் கேள். அவள் தலையாட்டினால் அவள் பின்னால் நில். மற்றதைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்காவது ஆளுக்கும் பாதி இடம் உண்டு. அதற்குப் பெயரே ஃபோர்த் சீட். கேட்டால் நகர்ந்து கொடுப்பார்கள். நீயும் நகர்ந்து கொடு. ராத்திரிச் சமையலுக்கு அங்கேயே காய் ஆய்கிறவர்கள் இருப்பார்கள். தோடு, கிளிப், ரப்பர் பேண்டு விற்கிறவர்கள் வருவார்கள். நான் காதில் போட்ட தோட்டில் பாதி ரயிலில் வாங்கியதுதான்; கடையில் வாங்கியதைவிட உழைத்திருக்கிறது.

ஆட்டோ விஷயம். பாந்த்ராவுக்கும் சயனுக்கும் தெற்கே ஆட்டோ ஓடாது. கொலாபாவில் நின்றுகொண்டு ஆட்டோவைத் தேடாதே. கறுப்பும் மஞ்சளுமான டாக்ஸி வரும், காலி பீலி என்பார்கள், மீட்டர் போடச் சொல். சினிமாவில் பார்த்த அந்தப் பழைய பத்மினி கார் 2023ல் ஓய்வு பெற்றுவிட்டது. கொலாபா பக்கம் போக நிலத்தடி மெட்ரோவும் வந்துவிட்டது. ஆரேயிலிருந்து கஃப் பரேட் வரை 2025 அக்டோபர் முதல் முழுசாக ஓடுகிறது. குளிரூட்டிய பெட்டி, சுகமான பயணம். ஆனால் ஊர் கண்ணில் படாது.

கோட்டைப் பகுதியை, அதாவது ஃபோர்ட்டை, நடந்து பார். அங்கே ஒரு பாங்கில் வேலை பார்த்துத்தான் அத்தை ரிடையர் ஆனேன் என்பதால் கொஞ்சம் பட்சபாதமாகவே சொல்வேன். சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனைப் பதினொன்றரைக்கு மேல் பார். ஸ்டீவன்ஸ் என்கிற எஞ்சினியர் வரைந்து, 1878ல் தொடங்கிப் பத்து வருஷம் கட்டியது. 2004ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வாசல் தூண்களில் ஒரு பக்கம் சிங்கம், ஒரு பக்கம் புலி. சிங்கம் இங்கிலாந்தாம், புலி நாமாம். எதிரே இருக்கிற மாநகராட்சிக் கட்டடமும் ஸ்டீவன்ஸ் வரைந்ததுதான், அதையும் விட்டுவிடாதே. அங்கிருந்து ஓவல் மைதானத்துக்கு வா. கிழக்கே ஹைகோர்ட்டும் பல்கலைக்கழகமும் ராஜாபாய் கோபுரமும். பருத்தி வியாபாரி பிரேம்சந்த் ராய்சந்த் கொடுத்த பணத்தில் கட்டி, அவர் அம்மா பெயரை வைத்த மணிக்கூண்டு அது. மேற்கே 1930களில் கட்டிய வளைந்த பால்கனி வீடுகள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து 2018ல் யுனெஸ்கோ எடுத்துக்கொண்டது. நடுவில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஒரே மைதானத்தில் எத்தனை ஆட்டம் நடக்கிறது, எந்தப் பந்து யாருடையது என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

வேலை நாளில் பதினொன்றரை மணிவாக்கில் சர்ச்கேட் ஸ்டேஷன் வெளியே நின்றால் டப்பாவாலாக்களைப் பார்க்கலாம். 1890 வாக்கில் தொடங்கிய தொழில். வீட்டுச் சாப்பாட்டை வாங்கி, ரயிலில் ஏற்றி, மூடியில் எழுதிய எண்ணையும் எழுத்தையும் பார்த்துப் பிரித்து, ஆபீஸில் சேர்த்துவிட்டு, காலி டப்பாவைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுபோவார்கள். பார், தப்பில்லை. அவர்களை நிறுத்தி செல்ஃபி மட்டும் கேட்காதே. ஒருத்தருக்கு இரண்டு நிமிஷம் தாமதமானால் யாரோ ஒருவர் பசியோடு காத்திருப்பார். பசித்தால் கயானியில் ஏறி பன் மஸ்காவும் சாயாவும் சாப்பிடு. 1904லிருந்து இருக்கிற இரானி கடை. அதிக நேரம் உட்காராதே, மேஜைக்கு ஆள் காத்திருக்கும்.

கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் போவாய், போகாமல் இருக்கமாட்டாய். 1911ல் ஜார்ஜ் ராஜா வந்ததற்காகத் திட்டமிட்டு 1924ல் முடித்த வளைவு. பக்கத்திலிருக்கும் தாஜ் ஓட்டல் அதைவிட மூத்தது, 1903ல் திறந்தது. கடைசி பிரிட்டிஷ் படை 1948 பிப்ரவரியில் இந்த வளைவு வழியாகத்தான் கப்பலேறியது. பத்து நிமிஷம் பார்த்தால் போதும். அங்கே போவதன் பலன் எலிஃபெண்டா தீவுக் குகைக்குப் படகு பிடிப்பதில்தான் இருக்கிறது. காலை முதல் படகுகளிலேயே போ. ஒரு மணி நேரப் பயணம். திங்கட்கிழமை குகை மூடியிருக்கும். லைஃப் ஜாக்கெட் கொடுத்தால் வெட்கப்படாமல் போட்டுக்கொள், கொடுக்காவிட்டால் கேட்டு வாங்கு. 2024 டிசம்பரில் எலிஃபெண்டா போய்க்கொண்டிருந்த படகில் கடற்படையின் வேகப்படகு மோதிப் பலர் செத்துப்போனார்கள். குகைக்கு ஏறுகிற படிக்கட்டில் குரங்குகள் இருக்கும். பையில் தின்பண்டத்தை வெளியே தெரிய வைக்காதே.

கழுகுமலை வெட்டுவான் கோவிலை நீ பார்த்திருக்கிறாய். அங்கே மலையை மேலிருந்து செதுக்கி விமானத்தை வெளியே எடுத்தார்கள். எலிஃபெண்டாவில் மலைக்குள் குடைந்துகொண்டே போய்த் தூண்களை விட்டுவைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்தவுடன் இருட்டாகத் தெரியும். போட்டோவுக்கு அவசரப்படாமல் கண் பழகும்வரை நில். மூன்று முகத்தோடு இருபது அடி உயரச் சதாசிவம் மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பிப்பார். மற்றச் சிற்பங்களில் பல உடைந்து கிடக்கின்றன. தீவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான கல் யானை அங்கே இல்லை. பைகுல்லாவில், ராணி பாக் பக்கம் இருக்கிறது. எலிஃபெண்டாவுக்கு மட்டும் அரை நாள் கொடு. உன் பட்டியலில் ஒரு மணி நேரம் போட்டிருக்கிறாய்.

ஹாஜி அலி தர்காவுக்குக் கடல் நடுவே நடந்து போகிற பாதை, அலையேற்ற நேரத்தில் மூழ்கிவிடும். அலை நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பு. சாயங்காலக் கூட்ட நேரத்தில் நீ வீடு திரும்ப முடியாது என்று சொன்னேன் அல்லவா, அந்த நேரத்தை மரைன் டிரைவில் கழி. திண்டில் உட்கார்ந்துகொள். காசு கேட்காத இடம் இந்த ஊரில் அது ஒன்றுதான். ஜுஹூ வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

தாராவிக்கு "டூர்" போகலாமா என்று உன் தோழி கேட்டிருக்கிறாள். நம்ம திருநெல்வேலிச் சீமை ஆட்கள்தான் போன நூற்றாண்டுக்கு முன்பே அங்கே வந்து தோல் பதனிட்டவர்கள். குயவர்கள் சௌராஷ்டிரத்திலிருந்து வந்தார்கள். அடுத்தவர் வாசலில் நின்று அவர்கள் வீட்டின் அளவைப் பார்த்து வியக்கப் போவதென்றால் வேண்டாம். பை வாங்க வேண்டும், பானை வாங்க வேண்டும், 90 அடி ரோட்டில் தமிழ் பேசிக்கொண்டு நடக்க வேண்டும் என்றால் மாமாவே கூட்டிப் போவார். அங்கே இருக்கிறவர்களுக்கும் வேலை இருக்கிறது.

ஓட்டலில் தங்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அதைப் பற்றி உன் அப்பாவிடம் பேசிக்கொள்கிறேன். வீடு சின்னதுதான், ஆனால் மூன்று பாய் விரிக்க இடம் இருக்கிறது. மாட்டுங்காவும் பார்க்க வேண்டிய இடம்தான். 1896 பிளேக் கொள்ளைநோய்க்குப் பிறகு திட்டம் போட்டு அமைத்த பேட்டைகளில் ஒன்று. சுருக்கெழுத்தும் டைப்பும் தெரிந்த நம் ஆட்கள் வேலை தேடி வந்து நிரம்பினார்கள். அறுபதுகளில் சிவசேனை "மதராசி"களை விரட்டக் கிளம்பியபோது பயந்தவர்களும் உண்டு, பெரும்பாலானவர்கள் இருந்துவிட்டார்கள். ராமா நாயக் உடுப்பியில் வாழையிலைச் சாப்பாடு ஒரு வேளை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், வரிசை நீளம். பூக்கடைத் தெருவில் சாயங்காலம் நடந்தால் திருநெல்வேலி டவுனில் இருக்கிறாயோ என்று தோன்றும். நீ ஊரிலிருந்து வருகிறவள், உனக்குத் தோன்றாமலும் போகலாம்.

டிசம்பரில் வருவது நல்லது. மழைக்காலத்தில் வந்து அனுபவிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. 2005 ஜூலை 26ஆம் தேதி ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதைப் பார்த்தவள் நான்.

தாதரில் நிற்கிற வண்டியாகப் பார்த்து எடு. குர்லா பக்கத்து லோக்மான்ய திலக் முனையத்தில் இறங்கினால் மூட்டையோடு இன்னொரு வண்டி மாற வேண்டும். இட்லிப் பொடி, அப்பளம், வடகம் எதையும் தூக்கி வராதே, எல்லாம் தெருமுனையில் கிடைக்கிறது. கருப்பட்டி மட்டும் இரண்டு கிலோ கொண்டு வா, உடன்குடியில் வாங்கியதாக இருக்கட்டும். டிக்கெட் எடுத்ததும் வண்டி எண்ணை எழுது. மாமா பிளாட்பாரத்துக்கு வருவார்.

இப்படிக்கு,
அன்பு அத்தை