தேடல் பெட்டிக்கு எவ்வளவு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. ஊர் நூலகத்துக்காக நீ ஜாங்கோவில் எழுதிய புத்தகப் பட்டியல் நன்றாக ஓடுகிறது என்பதில் மகிழ்ச்சி. தேடும்போதெல்லாம் பக்கம் முழுதும் வெளுத்து மறுபடி வருகிறதே, எல்லாவற்றையும் ரியாக்டில் மாற்றி எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம்.

ரியாக்டை நான் குறை சொல்லவில்லை. ஃபேஸ்புக் அதை 2013-ல் வெளியிட்டது. திரையில் பல பகுதிகள் ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் செயலிகளுக்கு அது அருமையான கருவி. உன் பட்டியல் அந்த ரகம் இல்லை. ரியாக்டுக்குப் போனால் சர்வர் ஹெச்டிஎம்எல்லை விட்டுவிட்டு ஜேசான் அனுப்ப வேண்டியிருக்கும். அதற்காக ஏபிஐ எழுத வேண்டும். டெம்ப்ளேட்டில் இருப்பதையெல்லாம் ஜாவாஸ்கிரிப்டில் திரும்ப எழுத வேண்டும். ஒரு புத்தகம் இரவலில் இருக்கிறதா என்ற தகவல் டேட்டாபேஸில் ஒன்று, பிரவுசரின் நினைவில் ஒன்று என்று இரண்டு இடத்தில் வாழத் தொடங்கும். அவை இரண்டும் வேறு வேறு பதில் சொல்லும் நாளில் எதை நம்புவது என்று நூலகருக்குத் தெரியாது. அந்தத் தகவல் சர்வரில் மட்டும் இருக்கட்டும். நீ சேர்க்கும் ஜாவாஸ்கிரிப்ட் அதைக் கொண்டுவந்து காட்டினால் போதும்.

இந்த வேலைக்கு ஹெச்டிஎம்எக்ஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி பொருத்தமானது. கார்சன் கிராஸ் 2013-ல் இன்டர்கூலர் என்ற பெயரில் இதன் முன்னோடியை எழுதினார். அதற்கு ஜேகுவரி தேவைப்பட்டது. 2020-ல் அந்தத் தேவை இல்லாமல் ஹெச்டிஎம்எக்ஸ் வந்தது. ஒரே ஃபைல். பில்டு வேலை எதுவும் கிடையாது. அதை இறக்கி உன் ஸ்டாட்டிக் ஃபோல்டரில் வை. எந்த வெர்ஷன் என்று குறித்துக்கொள். வெளி சர்வரிலிருந்து இழுத்தால், அது படுக்கும் நாளில் உன் தேடலும் படுக்கும்.

இனி உன் தேடல் பெட்டிக்கு வருவோம். அது ஏற்கெனவே ஒரு ஃபார்முக்குள் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடு. பெட்டியின் டேகில் மூன்று ஆட்ரிபியூட்களைச் சேர். ஹெச்எக்ஸ்-கெட்டில் பட்டியலின் முகவரி. ஹெச்எக்ஸ்-டார்கெட்டில் முடிவுகள் வந்து உட்கார வேண்டிய இடத்தின் ஐடி. ஹெச்எக்ஸ்-ட்ரிகரில், எழுத்து மாறி 300 மில்லிசெகண்ட் அமைதியாக இருந்தால் மட்டும் கேள் என்ற கட்டளை. இந்தத் தாமதத்தை விட்டுவிடாதே. ‘கல்கி’ என்று தட்டுபவர் க, கல, கல், கல்க, கல்கி என்று படிப்படியாகத்தான் வருவார். தாமதம் இல்லாவிட்டால் ஒவ்வொரு படிக்கும் டேட்டாபேஸ் ஒரு முறை தேட வேண்டியிருக்கும்.

சர்வர் பக்கம் வேலை இன்னும் குறைவு. ஹெச்டிஎம்எக்ஸ் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் ஹெச்எக்ஸ்-ரிக்வெஸ்ட் என்ற ஹெடர் இருக்கும். அது இருந்தால் உன் வியூ முடிவு வரிசைகளை மட்டும் அனுப்பட்டும். இல்லாவிட்டால் முழுப் பக்கத்தையும் அனுப்பட்டும். வரிசைகளுக்கான டெம்ப்ளேட்டைத் தனி ஃபைலாக வெட்டி, முழுப் பக்கத்துக்குள் அதையே இன்க்ளூடு செய். ஒரே முகவரி இரண்டு விதமாகப் பதில் சொல்வதால், பதிலில் வேரி ஹெடரையும் சேர்த்து அதில் ஹெச்எக்ஸ்-ரிக்வெஸ்டைக் குறிப்பிடு. இதை மறந்தால், பேக் பட்டனை அழுத்துபவருக்குத் தலைப்பும் மெனுவும் இல்லாத வெறும் வரிசைகளை பிரவுசர் தன் கேஷிலிருந்து எடுத்து நீட்டக்கூடும். எங்கே பிழை என்று தேடி நீ அலைவாய்.

தமிழ்ப் புத்தகங்கள் என்பதால் இன்னொன்றும் உண்டு. ‘கொ’ என்பதில் வரும் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. ஒருவர் ஒரு விதமாகப் பதிந்த தலைப்பை இன்னொருவர் மற்ற விதமாகத் தேடினால் கிடைக்காது. பைதானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் செயற்கூறைக் கொண்டு, சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடு. தேடல் சர்வரில் நடப்பதால் இந்தத் திருத்தத்தை நீ ஓர் இடத்தில் செய்தால் போதும்.

முடிவுகள் எத்தனை என்று காட்டும் வரியில் ஏரியா-லைவ் ஆட்ரிபியூட்டைப் போடு. கூடவே அந்த வரியை மாற்றும்போது அதன் உள்ளே இருக்கும் எழுத்து மட்டும் மாறட்டும். பார்வையற்ற வாசகரின் ஸ்கிரீன் ரீடர் அப்போதுதான் மாற்றத்தைப் படித்துச் சொல்லும். பக்கம் முழுதும் புதிதாக வந்தவரை அவருக்கு அது தானாகத் தெரிந்தது. அந்த வசதியைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை.

மொபைலில் மெனுவைத் திறக்க, மூட என்ன செய்வது என்றும் கேட்டிருந்தாய். அதில் சர்வருக்கு வேலையே இல்லை. கேலெப் போர்சியோ எழுதிய ஆல்பைன் என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவி அதற்குச் சரி: எக்ஸ்-டேட்டாவில் திறந்திருக்கிறதா என்ற நிலை, எக்ஸ்-ஷோவில் காட்டுவது, எக்ஸ்-க்ளோக்கில் லோடாகும்முன் மெனு மின்னி மறையாமல் தடுப்பது. ஆனால் ஓர் ஆபத்து உண்டு. புத்தகத் தலைப்பையோ வாசகர் எழுதிய குறிப்பையோ எக்ஸ்-டேட்டாவுக்குள் நேராகத் திணிக்காதே. ஜாங்கோ அதை எஸ்கேப் செய்திருந்தாலும் பிரவுசர் அதைப் பழைய எழுத்துகளாக மாற்றிவிடும். ஆல்பைன் அதை ஜாவாஸ்கிரிப்டாகவே ஓட்டும். யாரோ எழுதிய குறிப்பு நூலகரின் திரையில் கட்டளையாக மாறிவிடும். தகவலை அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஜாங்கோவின் ஜேசான்-ஸ்கிரிப்ட் ஃபில்டர் இருக்கிறது.

தேடல் சரியானதும் ‘இரவலை நீட்டி’ பட்டனுக்குப் போ. அது போஸ்ட் கோரிக்கை என்பதால் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் கூடவே போக வேண்டும். பட்டனை டோக்கன் உள்ள ஃபார்முக்குள் வைத்தால் அது தானாகப் போகும். கெடு தாண்டிய புத்தகத்துக்கு 400 வகை ஸ்டேட்டஸ் எண்ணோடு பிழைச் செய்தி அனுப்பினால், ஹெச்டிஎம்எக்ஸ் அதை வழக்கமாகத் திரையில் ஒட்டாது. அழுத்தியவருக்கு எதுவும் நடக்காதது போலத் தோன்றும். செய்தியோடு அந்த ஒரு வரிசையை 200 எண்ணிலேயே திருப்பி அனுப்பு.

கடைசியாக, பிரவுசர் செட்டிங்கில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு, பெட்டியில் ஒரு பெயரைத் தட்டி என்டர் அழுத்திப் பார். பழைய ஃபார்ம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. பக்கம் வெளுத்து வந்தாலும் புத்தகம் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் உன் வியூவை எனக்கு அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்