வறுத்த விதை

கேள்வி: கொலைக்கு முன்னும் பின்னும் ஷேக்ஸ்பியரின் மேக்பெத் துடிக்கிறான். நம் அண்ணன்மார் கதையில் வரும் கெட்டவர்களுக்கு அப்படி ஒரு மனசே இல்லையே, ஏன்?
– வாசகர், காங்கேயம்

பதில்: இருக்கிறது. ஆனால் தனிமொழியாக வராது, செயலாக வரும். அண்ணன்மாரான பொன்னர் சங்கரின் தந்தை குன்னுடையானுக்குப் பங்காளிகள் விதையை வறுத்துக் கொடுக்கும் இடத்தைக் கவனியுங்கள். அடியில்லை, வசவில்லை, கேட்டதைக் கொடுத்தாயிற்று, முளைக்கத்தான் முளைக்காது. பனியன் கம்பெனிகள் வருமுன் காட்டு வெள்ளாமையை நம்பிக் கிடந்த இந்தக் கொங்குச் சீமையில், அதைவிடக் கொடிய வஞ்சம் ஏது? ஒத்தெல்லோவை வஞ்சித்த இயாகோவுக்குச் சற்றும் குறையாதவர்கள் இந்தப் பங்காளிகள்!

இக்கதையைச் சொல்லும் உடுக்கடிப் பாட்டில் பொன்னர் சங்கருக்கும் தலையூர்க் காளிக்கும் ஒரே பாட்டுக்காரர்தான் குரல் கொடுக்கிறார். பகைவனின் ஆங்காரமும் அவர் தொண்டையிலிருந்தே வர வேண்டும். 1965-இல் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் மானுடவியலாளர் பிரெண்டா பெக் இக்கதையை ஒலிப்பதிவு செய்தார், கிடைத்தால் கேளுங்கள்.

ஒரு குறை எனக்கு உறுத்துகிறது. பொன்னரை ஏமாற்றும் வஞ்சகத்தை ஆசாரியான செம்பகுலன் தலையில் கட்டும்போது, கதை காணியாளர் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அவன் தரப்பை யாராவது மேடையேற்ற வேண்டும்.