ஒன்பது வெற்றிகளும் ஒரு மறுப்பும்

அமெரிக்கக் கால்பந்து பெயரளவில்தான் கால்பந்து. பக்கத்துக்குப் பதினொருவர், முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையிலேந்தி ஆடுகின்றனர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேறாவிடில் பந்து எதிரணிக்குப் போய்விடும். இவ்வாட்டத்தில் ஒரு கல்லூரி அணியின் வரலாறு நாம் அறியத்தக்கது.

1951-ஆம் ஆண்டு ஸான் பிரான்ஸிஸ்கோ பல்கலைக்கழக அணி ஒன்பது ஆட்டங்கள் ஆடி ஒன்பதிலும் வென்றது. பயிற்சியாளர் ஜோ குஹாரிச். ஆலி மாட்ஸன் பந்துடன் ஓடிக் கடந்த தூரம் 1,566 கஜம். கல்லூரி வீரர்களில் அவ்வாண்டு அவரே முதல்வர்.

பருவ முடிவில் சிறந்த அணிகளைப் பெரும் பந்தயங்களுக்கு அழைப்பது அங்கே வழக்கம். நஷ்டத்தில் நடந்த இவ்வணிக்கு அந்தப் பணம் மிகவும் அவசியம். ஆனால் அப்பந்தயங்கள் பல, நிறவேற்றுமை வேரோடியிருந்த தென் மாநிலங்களில் நடந்தன. மாட்ஸனும் பர்ல் டோலரும் கறுப்பினத்தவர். இருவரையும் விட்டுவிட்டு வந்தால் அழைப்பு உண்டு என்று சொல்லப்பட்டது. அணியினர் ஒருமனதாக மறுத்தனர். அழைப்பு வரவில்லை. பருவம் முடிந்ததும், செலவு தாளாமல், கல்லூரி அணியையே கலைத்துவிட்டது.

மாட்ஸன் 1952-இல் ஹெல்ஸிங்கி ஒலிம்பிக்கில் இரு பதக்கங்கள் பெற்றார். டோலர் 1965-இல் தேசியக் கால்பந்து லீகின் முதல் கறுப்பின நடுவரானார்.

விஞ்ஞான மாணவனாகிய நான் அட்டவணைகளை நம்பிப் பழகியவன். அவ்வாண்டு அட்டவணையில் ‘வெற்றி 9, தோல்வி 0’ என்றுதான் இருக்கிறது. அவர்கள் ஆட மறுத்த பத்தாவது ஆட்டத்துக்கு அதில் இடமில்லை. நண்பர்களே, தோழனை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வரச்சொல்லும் அழைப்பு நமக்கும் ஒருநாள் வரக்கூடும். அன்று இவ்வணியை நினைத்துக்கொள்வோம்.