சர்க்கரை நோயும் நம் சோற்றுத் தட்டும்
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

முன்னுரை

ஆறிய வடிகஞ்சியில் ஒரு துளி அயோடின் கரைசலை விட்டால் அது கருநீலமாக மாறும். மாவுச்சத்து இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. முதலாண்டில் இச்சோதனையைச் செய்தபோது மதிப்பெண்ணைத் தவிர வேறு நினைவு எனக்கில்லை. அவ்வாண்டின் இறுதியில் என் தந்தைக்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் கூறினார். அதன் பின்னரே அந்த நீல நிறத்தின் பொருள் எனக்கு விளங்கியது.

நோயின் இயல்பு

நாம் உண்ணும் மாவுச்சத்து குடலில் சிதைந்து குளுக்கோசாகி இரத்தத்தில் கலக்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்குள் சேர்ப்பிக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலினுக்கு உடல் சரிவரக் கட்டுப்படுவதில்லை. நாளடைவில் கணையமும் தளர்ந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டருக்கு 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் குளுக்கோஸ் இருப்பது நோயின் அடையாளம். கவனியாது விட்டால் கண், சிறுநீரகம், இதயம், கால் நரம்புகள் யாவும் கெடும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் உள்ளதென 2023-இல் வெளியான தேசிய ஆய்வு கூறுகிறது.

பெயர் மூன்று, பொருள் ஒன்று

காலையில் இட்லி, பகலில் சோறு, இரவில் தோசை. பெயர்கள்தாம் மூன்று, மூன்றும் பெரும்பாலும் அரிசியே. விருந்தென்றால் சீரகச் சம்பா பிரியாணி, அதுவும் அரிசியே. நூறு கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து உள்ளது.

"அப்படியானால் கம்பும் கேழ்வரகும் வேண்டிய மட்டும் உண்ணலாமே?" என்று பலர் கேட்கின்றனர். நூறு கிராம் கம்பில் சுமார் 62 கிராமும், கேழ்வரகில் 67 கிராமும் மாவுச்சத்து உண்டு. நார்ச்சத்து மிகுதி என்பது உண்மையே. ஆயினும் அரிசிக்குப் பதிலாகச் சிறுதானிய மாவை உண்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காவிடில், நோய் வரும் வாய்ப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று 2025-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. களியானாலும் அளவு வேண்டும்.

சென்னை தந்த கணக்கு

இவ்வாய்வுகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்தின. நாம் பெறும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்பது அவற்றின் முடிவு. 18,090 பேரின் உணவைக் கணக்கிட்டு 2022-இல் டாக்டர் அஞ்சனா, டாக்டர் மோகன் முதலியோர் ஒரு பரிந்துரை வெளியிட்டனர். புதிதாக நோய் கண்டவர்கள் மாவுச்சத்தை 49 முதல் 54 விழுக்காட்டுக்குக் குறைத்து, புரதத்தை 20 விழுக்காட்டளவுக்கு உயர்த்த வேண்டும் என்பதே அது. சோற்றை அடியோடு விடச் சொல்லவில்லை; குறைக்கவே சொல்கிறது.

பட்டறையில் நேர்ந்தது

இதை அறியாமல் நாங்கள் ஒரு தவறு செய்தோம். என் தந்தை பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவர். "சோற்றை விட்டால் மாத்திரையே வேண்டாம்" என்று அறிந்தவர் ஒருவர் சொல்ல, அப்பா சோற்றையும் இட்லியையும் ஒரே நாளில் நிறுத்தினார். மாத்திரையை மட்டும் தவறாமல் விழுங்கினார். நான்காம் நாள் பட்டறையில் கை நடுங்கி, உடல் வியர்த்துச் சாய்ந்துவிட்டார். வீட்டிற்கு அழைத்து வந்தபோது நினைவு இருந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்தார்.

அவர் உண்ட மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. உணவு குறைந்து மாத்திரை குறையாவிடில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். "சோற்றைக் குறைத்தது சரி, சொல்லாமல் குறைத்ததுதான் தவறு" என்றார் மருத்துவர். மாத்திரையின் அளவையும் குறைத்துக் கொடுத்தார்.

தட்டைப் பிரிப்பது எப்படி?

தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன். கால் பங்கு மட்டும் சோறு. ஒட்டன்சத்திரம் சந்தை இருக்கும் நம் மாவட்டத்தில் காய்க்குப் பஞ்சமில்லை. முருங்கைக் கீரை பல வீட்டுக் கொல்லையிலேயே உண்டு. சிற்றுண்டிக்கு முறுக்குக்குப் பதில் தட்டைப்பயறுச் சுண்டலோ அவித்த நிலக்கடலையோ போதும். சிறுமலை வாழைப்பழமும் மாவுச்சத்துக் கணக்கில் சேரும் என்பதை மறக்கலாகாது.

ஒரு தடை உண்டு. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. முட்டைக்கும் பயறுக்கும் காசு வேண்டும். ஏழையின் தட்டில் சோறு குவிவதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. நாங்கள் மாலை நேர வடை, தேநீர்ச் செலவை நிறுத்தி, அக்காசில் முட்டையும் பயறும் வாங்குகிறோம்.

முடிவுரை

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனையில் அப்பாவின் அளவு 9.4-லிருந்து 7.2-க்கு இறங்கியுள்ளது. 7-க்குக் கீழே வர வேண்டும் என்கிறார் மருத்துவர்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலருடைய வீட்டில் பரிசோதனைச் சீட்டைப் படிக்கத் தெரிந்தவர் நாம் ஒருவர்தாம். இன்றே அச்சீட்டை எடுத்துப் படியுங்கள். பெற்றோருடன் மருத்துவரிடம் சென்று, "உணவைக் குறைத்தால் மாத்திரையை என்ன செய்வது?" என்று கேளுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கருவுற்ற தாய்மார்களும் மருத்துவரைக் கேளாமல் உணவை மாற்றவே கூடாது. நாம் கற்ற கல்வி முதலில் நம் வீட்டுத் தட்டில் பயன்படட்டும்!